மூட்டுவாதமும் மகளிர் மறைக்கும் துன்பமும்

சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் குறைகளைப் பஞ்சாயத்தில் ஊரறியப் பேசுகிறோம். ஆனால் பெண்மக்கள் எவரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் குறை ஒன்று உண்டு. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிதல், நீரையோ மலத்தையோ அடக்க இயலாமை, கர்ப்பப்பை கீழிறங்குதல் ஆகியவையே அது. இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் துணிபோல் அமைந்து, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கும் தசைகள் தளர்வதால் இவை நேர்கின்றன. பிரசவமும் வயதும் இதற்கு முக்கிய காரணங்கள்.

முடக்குவாதம் உள்ள பெண்களுக்கு இத்தொல்லை மேலும் கடுமையாகிறது. முடக்குவாதம் முதுமையில் மூட்டுத் தேய்வதால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைப் பகையென்று தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களை இது 2 முதல் 3 மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. வீங்கிய முழங்காலுடன் கழிப்பறைக்கு விரைந்து செல்ல முடிவதில்லை. கோணிய விரல்களால் உடையை நெகிழ்த்த முடிவதில்லை. நடமாட்டம் குறையவே தசைகளும் வலுவிழக்கின்றன. இந்நோயின் இனத்தைச் சேர்ந்த தோல் இறுகும் நோயில், ஆசனவாய்த் தசையே பழுதுறுவதும் உண்டு.

மாமல்லபுரம் கரையில் மீன்கூடை சுமக்கும் பெண்களையும், செங்கற்பட்டு ஏரிப்பாசன வயல்களில் நாற்று நடும் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். ஒதுங்க இடமில்லையே என்று பகல் முழுதும் நீரருந்தாதிருப்போர் உண்டு. இது தவறு. சிறுநீர் செறிந்து எரிச்சல் தரும், மலச்சிக்கல் உண்டாகும், முக்கி முக்கித் தசை மேலும் தளரும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எடுத்துரைத்த தசைப்பயிற்சியே இன்றும் முதற்சிகிச்சை. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில விநாடி நிறுத்தி, முற்றிலும் தளர்த்த வேண்டும். வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்தல் வேண்டும். மூச்சை அடக்கலாகாது. படுத்தபடியே செய்யலாமாதலால் மூட்டுக்கு வருத்தமில்லை. அடிவயிற்றில் வலி உள்ளோர் மருத்துவர் யோசனை பெற்றே தொடங்குக. கர்ப்பப்பை இறக்கத்திற்கு உள்ளே பொருத்தும் வளையமும், தேவையாயின் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வாதநோய் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. அம்மருந்து உண்போர் காய்ச்சலோ நீர்க்கடுப்போ கண்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும். கால்கள் திடீரென மரத்து, நீர் அடங்காமற்போனால் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.

1965-இல் தோன்றிய செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் அருகிலேயே உள்ளது. 2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிவரும் இயன்முறைச் சிகிச்சையும் இடம்பெற்றது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூசாது கூறுவதே முதற்படி.

நமக்கும் கடமை உண்டு. கழிப்பறை கட்டியாயிற்று என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறோம். குந்த முடியாதவளுக்கு அது கட்டாததற்கே ஒப்பாகும். அவள் இருட்டில் சவுக்குத்தோப்பிற்கே செல்கிறாள். உயர்ந்த இருக்கை, சுவரில் பிடிகம்பி, மேடுபள்ளமற்ற வழி, ஒரு விளக்கு ஆகிய இந்நான்கும் பெருஞ்செலவல்ல. பஞ்சாயத்து மகளிர் அங்கத்தினர்கள் வீடுதோறும் இதை விசாரித்து, ஆவன செய்ய முன்வருவார்களாக.