வரையும் கைக்கு எந்த மென்பொருள்?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும் காலம். வீட்டில் பெண் பிள்ளை நன்றாக வரைவாள். பள்ளி ஆண்டு மலரின் அட்டை அவள் கைவண்ணம்; தீபாவளிக் கோலமும் அவளுடையதுதான். "அண்ணே, படம் வரைஞ்சி பொழைக்க முடியுமா? புள்ளைய கைப்பேசி செயலி வடிவமைக்கிற படிப்புல போடுங்க. இப்ப அதுக்குத்தான் வேலை இருக்கு," என்கிறார் சித்தப்பா. பிள்ளையோ ஐபேட்டும் அதற்குரிய எழுதுகோலும் வேண்டும் என்கிறாள். கடையில் விலை கேட்டால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட். பல வீடுகளில் நடக்கும் இந்த வாதத்தில், தன்மையால் வேறுபட்ட இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஓவிய மென்பொருள் ஒரு வகை. புகைப்படங்களைத் திருத்துவதற்காக 1990-இல் வெளிவந்து பின்னர் ஓவியர்களும் பிடித்துக்கொண்ட போட்டோஷாப், ஜப்பானின் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் உருவான புரோகிரியேட், இலவசமாகக் கிடைக்கும் கிரித்தா ஆகியவை இதில் அடங்கும். ஃபிக்மா, ஸ்கெட்ச் போன்றவை இன்னொரு வகை. இவை ஒரு செயலியை உண்மையாக எழுதுவதற்கு முன்பே அதன் முன்மாதிரியைத் திரையில் அமைத்துப் பார்க்கும் கருவிகள்.

முதல் வகையில் வேலை முடிந்தால் கையில் இருப்பது படம். இரண்டாவது வகையில் கையில் இருப்பது ஒரு கேள்விக்கான பதில்: முன்பின் பழக்கமில்லாத ஒருவர் இந்தத் திரையைப் பார்த்தால், எங்கே தொட வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? பதில் கிடைத்துவிட்டால் அந்த முன்மாதிரியைத் தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை.

1996-இல் விற்பனைக்கு வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியைப் பலர் மறந்திருக்கலாம். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சாதனம் பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால், கட்டையை எடுத்துக் குச்சியால் குறிப்பதுபோல் பாவனை செய்வார். அந்தக் கட்டையில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் பைக்குள் அடங்குமா, அடிக்கடி எடுக்கத் தோன்றுமா என்பதை அது சொல்லிவிட்டது. முன்மாதிரி என்பது இதுதான்.

ஓவியத்தின் கணக்கோ வேறு. ஏ4 தாளில், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட ஒரு படம் வேண்டுமானால், அதன் அகலம் 2,480 புள்ளிகள், உயரம் 3,508 புள்ளிகள். மொத்தம் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் வைத்துக்கொள்ளப் பொதுவாக 4 பைட் தேவை. அப்படியானால் முழுதும் நிரம்பிய ஓர் அடுக்குக்கே சுமார் 35 மெகாபைட். 30 அடுக்குகளில் வண்ணம் தீட்டினால் 1,000 மெகாபைட்டைத் தாண்டும். ஓவியம் வரைபவருக்கு நினைவகம் அதிகமுள்ள கணினியும், அழுத்தத்தை உணரும் எழுதுகோலும் தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே, ஆடம்பரம் அல்ல.

முன்மாதிரிக் கருவியில் கட்டமும் எழுத்தும் வடிவக் கணக்காகவே சேமிக்கப்படுகின்றன. ஃபிக்மாவை இணைய உலாவியிலேயே திறக்கலாம். எலியும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதும். செயலி வடிவமைப்புப் படிக்கப் போகும் பிள்ளைக்கு விலை உயர்ந்த வரைபலகை வாங்கித் தருவது வீண்செலவு.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் சொல், தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும். ஃபிக்மாவில் சரியாக அமைத்த பொத்தான் எழுத்துக்கு ஏற்பத் தானே விரியும். படமாக வரைந்த பொத்தானை மறுபடியும் வரைய வேண்டியதுதான். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நின்ற கூத்து, நம் திருமண அழைப்பிதழ் அச்சகங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோயில் திருவிழா அன்னதானத்துக்கு முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓவியம் தெரிந்த பிள்ளை முதலில் கோபுரத்தைத்தான் வரைவாள். கோபுரம் அழகாக இருக்கும். ஆனால் பதிவுப் பொத்தான் அதற்குள் மறைந்துவிடும். தொடும் இடம் குறைந்தது 44 அலகு இருக்கவேண்டும் என்று ஆப்பிள் பரிந்துரைக்கிறது. கூகுள் 48 என்கிறது. பாட்டியின் விரலுக்கு அது தேவை. ஐந்து திரைகளை இணைத்துப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, 'அங்கே தொடுங்க பாட்டி' என்று சொல்லாமல் வாய்மூடி உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி எனலாம். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000-இல் ஜேக்கப் நீல்சன் எழுதினார்.

சித்தப்பாவின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு வார்த்தை தட்டினால் படம் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. ஆனால் அதே நுண்ணறிவு செயலித் திரைகளையும் அமைத்துத் தருகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. கருவிகளும் நிலைப்பதில்லை. பலர் விழுந்து விழுந்து கற்ற அடோபியின் எக்ஸ்.டி., 2023 முதல் வெறும் பராமரிப்பில் மட்டும் வைக்கப்பட்டது. இன்விஷன் 2024 இறுதியில் மூடப்பட்டது. 2,000 கோடி அமெரிக்க டாலருக்கு ஃபிக்மாவை வாங்கப்போவதாக 2022-இல் அறிவித்த அடோபி, 2023 டிசம்பரில் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது என்ற பாடத்தை எந்த நிறுவனமும் இழுத்து மூட முடியாது.

செலவைப் பொறுத்தவரை, களவு வட்டு வாங்கி ஓட்டிய காலம் போய்விட்டது. அதற்கு அவசியமும் இல்லை. கிரித்தாவுக்குக் காசு வேண்டாம். தகுதி உறுதிசெய்யப்பட்ட மாணவர்களுக்கு ஃபிக்மா இலவசம். புரோகிரியேட்டுக்கு ஒரே முறை பணம் கட்டினால் போதும், ஆனால் ஐபேட் வேண்டும். போட்டோஷாப்புக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், முதல் வாரம் கிரித்தாவில் ஒரு முழு ஓவியம், மறுவாரம் ஃபிக்மாவில் அந்த அன்னதானச் செயலியின் ஐந்து திரைகள் என்று பிள்ளை செய்து பார்க்கட்டும். ஓவியத்தைப் பத்தாவது முறை திருத்தும்போது சலிக்கவில்லையா? பாட்டி தவறான இடத்தைத் தொட்டபோது கோபம் வந்ததா, அல்லது ஏன் என்று அறிய ஆவல் வந்ததா? இவற்றுக்கான பதிலைப் பிள்ளையே சொல்வாள். அதுவரைக்கும் சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கும், திரையில்லாத சிறிய வரைபலகையே தாராளம். ஐபேட் கடையிலேயே இருக்கட்டும்.