முள் இருந்தால் எல்லாம் சீமைக் கருவேலமா?

முட்டுக்காடு உப்பங்கழியை விட்டு கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் உள்ளே போனால் ஏரிக்கரை, தரிசு, வேலியோரம் என எங்கும் முள்மரங்கள்தான். பலருக்கு அவை எல்லாமே 'வேலிக்காத்தான்'. பொக்லைன் வந்து நின்றதும், "முள்ளு மரத்தையெல்லாம் எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். சீமைக் கருவேலத்தோடு நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் வேரோடு போய்விடுகின்றன.

பெயர்க் குழப்பமே இதற்குக் காரணம். 1870களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரத்துக்கு வேலிக்காத்தான், சீமைக் கருவை, டெல்லி முள் என்று ஊருக்கு ஒரு பெயர். அதில் 'கருவேலம்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டதால், நம் கருவேலத்துக்கும் கெட்ட பெயர்.

நம் முன்னோர் பட்டையின் நிறம் பார்த்துக் கருவேலம், வெள்வேலம் என்றார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுவோர், இதே கருவேலத்தை 'மணக்கும் காய்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். காயும் பட்டையும்தான் இன்றும் நல்ல அடையாளம்.

கருவேலம்: கறுத்து வெடித்த பட்டை, பந்து போன்ற மஞ்சள் பூ, மணி கோத்தது போல இடையிடையே இடுங்கிய சாம்பல் நிறக் காய்.

வெள்வேலம்: வெளிறிய பட்டை; கொத்துக் கொத்தாகச் சிறு வெண்மஞ்சள் பூப்பந்துகள்.

சீமைக் கருவேலம்: பூ பந்தாக இருக்காது, விரல் போல நீண்டிருக்கும். பழுத்த காய் மஞ்சளாக, தட்டையாக, இனிப்பாக இருக்கும்.

கருவேலங்காய் வெள்ளாட்டுக்குத் தீவனம். கட்டை கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பெயர் போனது. குச்சி பல் துலக்க உதவும். ஏரித் தண்ணீரில் நின்றாலும் இந்த மரம் தாங்கும். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் கூடு கட்டும் மரங்களில் கருவேலமும் ஒன்று.

சீமைக் கருவேலத்தை மட்டும் எடுக்க நினைப்பவர்கள், முதலில் காப்பாற்ற வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். பிறகே இயந்திரத்தை இறக்கலாம். மரத்தை மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும்; அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். காயைத் தின்னும் ஆடு மாடுகளின் சாணம், புழுக்கை வழியே விதை பரவும். எனவே விழுந்த காய்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது அவசியம். ஏரி, புறம்போக்கு நிலங்களில் அனுமதி இல்லாமல் எந்த மரத்தையும் தொடக் கூடாது.

காலியான இடத்தைச் சும்மா விட்டால் சீமைக் கருவேலமே திரும்ப முளைக்கும். அங்கே வேம்பு, புங்கன், நாட்டுக் கருவேலம் நடலாம். வளர்ந்த ஒரு கருவேலத்தைத் தவறி வெட்டிவிட்டால், அதே அளவு மரம் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பொக்லைன் வருவதற்கு முந்தின நாள், காயைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். அந்த மரம் தப்பிக்கும்.