கன்றுக் கழிச்சலும் கடும்புப் பாலும்

அனலைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே செல்லல் வேண்டும். ஆங்கு ஒரு கன்று நோயுற்றால், வெளியிலிருந்து பெறவேண்டிய மருந்தும் உதவியும் கடல் கடந்தே வரவேண்டும். பிறந்து மூன்று வாரம் நிரம்பாத கன்றுகளைத் தாக்கும் கழிச்சலோ அத்துணைக் காலம் பொறுப்பதன்று. ஆதலின் அதன் இயல்பை மாடு வளர்ப்போர் தாமே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இக்கழிச்சலை உண்டாக்குவன பல. அவற்றுள் முதன்மையான ஒன்று றோட்டா வைரசு. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெபிராஸ்காவில் சாள்ஸ் மீபசு என்பார் இதனைக் கன்றுகளிற் கண்டறிந்தார். இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் சக்கரம்போல் தோன்றுதலின், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இது பின்னர்ப் பெயர் பெற்றது. 1973 இல் மெல்பேணில் உரூத் பிஷப் குழுவினர் இவ்வினத்து வைரசையே குழந்தைகளின் குடலிலும் கண்டனர்.

சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சடைமுளைகளின் நுனிக் கலங்களை இவ்வைரசு அழிக்கின்றது. சடைமுளைகள் குறுகவே, பாலிலுள்ள வெல்லம் செரியாது குடலிலே தங்கி நீரைத் தன்பால் ஈர்க்கின்றது. கன்று நீர்போற் கழிகின்றது, கண்கள் குழிவிழுகின்றன, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் அது விரைவில் மீள்வதில்லை. கன்றைக் கொல்வது பெரும்பாலும் வைரசன்று. உடலின் நீரும் உப்பும் இழக்கப்படுதலேயாம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரசை அழிக்கமாட்டா. ஆயினும் குளுக்கோசையும் உப்பையும் அளவறிந்து கலந்த நீரைக் குடல் உறிஞ்ச வல்லது. 1971 இல் வங்காள அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகலனாபிசு இம்முறையாற் பல உயிர்களைக் காத்தார். கன்றுக்கும் நெறி இதுவே. நீர் ஊட்டும்போது பாலை அறவே நிறுத்தலாகாது.

இனி, வருமுன் காத்தலை நோக்குவோம். பசுவின் கருப்பையில் நோயெதிர்க்கும் பிறபொருளெதிரிகள் கன்றைச் சென்றடைவதில்லை. அவை கடும்புப் பாலிலேயே உள. கன்றின் குடல் அவற்றை ஒருநாள் வரையே உறிஞ்சும். முதல் ஆறு மணிநேரமே மிகச் சிறந்தது. இருபது கிலோ நிறையுள்ள கன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடாத வழக்கம் சிலவிடங்களில் உண்டு. அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணிநேரமும் கன்றுக்கு இழப்பேயாம்.

நோயுற்ற கன்றின் சாணத்திலே வைரசு நெடுங்காலம் நிலைக்கும். ஆகவே அதனை வேறாகக் கட்டுதலும், கொட்டிலை உலர்த்தித் தூய்மை செய்தலும் வேண்டும். கடும்பைக் காய்ச்சி அயலவரோடு பகிர்ந்துண்ணல் நல்வழக்கமே. அதன் முதற்பங்கு கன்றுக்குரியது.