பதினெட்டு வயதில் எழுதப்படும் தீர்ப்பு

2022 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் திகதி மாலை மொன்றியல் நகரின் பெல் சென்ரர் அரங்கிலே ஆட்டம் எதுவும் நடைபெறவில்லை. எனினும் இரசிகர்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கிச் சங்கம் அன்று தனது புதுமுக வீரர் தெரிவை அங்கு நடத்தியது. முன்னைய பருவகாலத்தில் கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்ட மொன்றியல் கனேடியன்ஸ் அணி, சீட்டுக் குலுக்கலிலும் வென்று முதலாவது தெரிவுரிமையைப் பெற்றிருந்தது. யாரைத் தெரிவுசெய்யப் போகிறார்கள் என்பதே கேள்வி. ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் அணிக்கு ஆடிய ஷேன் றைற் என்னும் பெயரையே பலரும் எதிர்பார்த்திருந்தனர். மேடையில் ஒலித்ததோ யுராய் ஸ்லஃப்கொவ்ஸ்கி என்னும் ஸ்லொவாக்கிய இளைஞனின் பெயர். வியப்பும் ஆரவாரமும் முணுமுணுப்பும் ஒருங்கே எழுந்தன. அன்று தொடங்கிய வழக்கு இது. தேநீர்க் கடைகளிலும் தொழிற்சாலை உணவறைகளிலும் மொன்றியல்வாசிகள் பல ஆண்டுகளாக அதை வாதாடி வந்துள்ளனர்.

இந்நாட்டிற்கு வந்து பல குளிர்காலங்களைக் கண்ட நம்மவர்களுள்ளும் பலர் ஐஸ் ஹொக்கியை இன்னும் ஒரு பெரும் இரைச்சலாகவே அறிவர். பிள்ளைகளோ வாகனத் தரிப்பிடங்களிலே பழைய பந்தொன்றை மட்டையால் துரத்தியவாறு அதனைத் தாய்மொழிபோலப் பேசுகின்றனர். ஆகவே சில வார்த்தைகள் அவசியமாகின்றன. ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளர் ஒருவர், பின்களத்தவர் இருவர், முன்களத்தவர் மூவர் என அறுவர் பனித்தரையில் நிற்பர். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று கட்டங்களை உடையது. முன்கள வீரர் ஒருமுறை இறங்கினால் ஏறத்தாழ முக்கால் நிமிடமே ஆடுவார்; உடல் அதற்குமேல் தாங்காது. கோல் அடித்தால் ஒரு புள்ளி. கோலுக்கு வழிசெய்து கொடுத்தாலும் ஒரு புள்ளி. முன்களத்தவரின் கணக்குப் புத்தகம் இவ்வளவே. இப்புத்தகத்தை மட்டும் பார்த்து ஒருவரை மதிப்பிடலாமா என்பதிலேதான் இரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிகின்றனர்.

ஸ்லஃப்கொவ்ஸ்கி 2004 மார்ச் 30 ஆம் திகதி கொஷிற்சே நகரிற் பிறந்தவர். உயரம் 6 அடி 3 அங்குலம். இளவயதிலேயே பின்லாந்து சென்று, துர்க்கு நகரின் ரி.பி.எஸ். கழகத்தில் வளர்ந்தவர். 2021–22 பருவகாலத்தில் அந்நாட்டின் முதற்தர லீகில் 31 ஆட்டங்களில் 5 கோல்கள், மொத்தம் 10 புள்ளிகள் பெற்றார். வளர்ந்த ஆண்களுக்கு எதிராக ஆடிய பதினேழு வயதுச் சிறுவன் என்பதை மனங்கொண்டாலும், உலகின் முதலாவது தெரிவுக்கு உரிய கணக்கு என்று இதனை எவரும் சொல்லார். ஆனால் அதே குளிர்காலத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்தது. தேசிய ஹொக்கிச் சங்கத்தின் வீரர்கள் கலந்துகொள்ளாத அப்போட்டியில் அவர் ஏழு ஆட்டங்களில் ஏழு கோல்கள் அடித்து, மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். ஸ்லொவாக்கியா ஹொக்கியில் தன் முதலாவது ஒலிம்பிக் பதக்கமான வெண்கலத்தை வென்றது. தொடர்ந்து மே மாத உலகக் கிண்ணப் போட்டியில் எட்டு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள்.

ஒரே ஆண்டில் இரண்டு சிறுவர்களைக் கண்டதுபோன்ற நிலை. துர்க்குவில் ஆடியவன் உண்மையா, பெய்ஜிங்கில் ஆடியவன் உண்மையா? ஐயங்கொண்டோர், குறுகிய தொடரொன்றில் அதிர்ஷ்டம் எவருக்கும் கைகொடுக்கும் என்றனர். ஆதரித்தோர், பெரிய மேடையில் சுருங்காத மனம் பயிற்சியால் வருவதன்று என்றனர். எதிர்ப்பக்கத்தில் றைற்றின் சான்றுகளும் குறைபட்டனவே. பதினைந்து வயதிலேயே விதிவிலக்குப் பெற்று ஒன்ராறியோ இளையோர் லீகினுள் நுழைந்த அவரது 2020–21 பருவகாலம் பெருந்தொற்றினால் முற்றாக இல்லாமற் போயிற்று. நூறு கேள்விகள் கொண்ட தாளில் நாற்பதை மட்டும் எழுதிய இருவருக்குத் தரவரிசை இடும் பரீட்சகரின் நிலையிலேதான் கனேடியன்ஸ் முகாமையாளர் கென்ற் ஹியூஸ் அன்று இருந்தார் எனலாம்.

மொன்றியல் இரசிகர்களின் நடுக்கத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் 1980. அவ்வாண்டும் தெரிவு மொன்றியலிலேயே நடந்தது. அவ்வாண்டும் முதலாவது தெரிவு கனேடியன்சிடமே இருந்தது. வேர்டனில் வளர்ந்து, மொன்றியல் இளையோர் அணிக்கு ஆடிய டெனி சவாரை விடுத்து, மேற்கிலிருந்து வந்த டக் விக்கன்ஹைசரை எடுத்தனர். சவார் மூன்றாவதாகச் சிக்காக்கோவுக்குப் போய் 1,338 புள்ளிகள் குவித்துப் புகழ் மண்டபத்திற் புகுந்தார். விக்கன்ஹைசர் தம் தொழில் வாழ்வு முழுவதிலும் 276 புள்ளிகளே பெற்றார். 1983 இறுதியில் அவரைச் சென் லூயிஸ் அணிக்கு அனுப்பிவிட்டனர். 1999 இல், முப்பத்தேழு வயதில், புற்றுநோயால் மறைந்தார். அவர் மோசமான வீரர் அல்லர். 556 ஆட்டங்கள் ஆடியவர் எவ்வாறு மோசமானவராவார்? தன்னைத் தானே தெரிவுசெய்யாத ஒருவர், பிறர் செய்த தெரிவுக்காக வாழ்நாள் முழுதும் விசாரிக்கப்பட்டார் என்பதே உண்மை. சவார் 1990 இல் மொன்றியலுக்கே வந்து, 1993 இல் அவ்வணியுடன் ஸ்ரான்லிக் கிண்ணம் வென்றது வரலாற்றின் சிறு குறும்பு.

2022–23 பருவகாலத்தில் ஸ்லஃப்கொவ்ஸ்கி நேராகப் பெரிய அணியில் ஆடினார். 39 ஆட்டங்கள், 4 கோல்கள், 10 புள்ளிகள். 2023 ஜனவரியில் முழங்கால் காயத்தால் பருவகாலம் முடிந்தது. இதற்கிடையில், 2022 டிசெம்பரில் சியாற்றில் அணியின் றைற் இந்தச் சங்கத்தில் தம் முதலாவது கோலை அடித்தார். யாருக்கு எதிராக? மொன்றியலுக்கு எதிராக. விதி இப்படியும் நாடகம் எழுதும்.

அக்காலத்தில் எழுந்த பெரும் வாதம், பையனை இரண்டாந்தர அணி ஆடும் லவாலுக்கு அனுப்பவேண்டுமா என்பது. லவாலில் அவர் அதிக நேரம் ஆடுவார், கோல் அடிப்பார், நம்பிக்கை வளரும் என்றது ஒரு தரப்பு. பயிற்றுநர் மார்ட்டான் சென் லூயி அவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவர் தாமே எந்த அணியாலும் தெரிவுசெய்யப்படாத, ஐந்தடி எட்டங்குல மனிதர். 2004 இல் சங்கத்தின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்றவர். தவறுகள் எந்த வேகத்தில் நிகழ்கின்றனவோ அந்த வேகத்திலேயே அவற்றைத் திருத்தவேண்டும் என்பதே இம்முடிவின் உட்பொருள் என நான் கொள்கிறேன்.

தவறு எங்கே இருந்தது? இதனை விளங்கிக்கொள்ளாதவர்கள் சோம்பல் என்றனர். ஐரோப்பிய அரங்குகள் பொதுவாக அகலமானவை. சர்வதேச அளவில் முப்பது மீற்றர் வரை இருக்கும். வட அமெரிக்காவின் அரங்கு இருபத்தாறு மீற்றரே. நான்கு மீற்றர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விளிம்போரம் இறப்பர் வட்டைப் பெற்று, தலைநிமிர்ந்து, அடுத்தது யாது எனச் சிந்திக்கும் அரை விநாடி அந்த நான்கு மீற்றருக்குள்ளேதான் இருக்கிறது. துர்க்குவில் அவருக்கு இருந்த அரை விநாடி மொன்றியலில் இல்லை. தலை குனிந்திருந்த வேளைகளில் மோதல்களை வாங்கினார். பெரிய உடல் இருந்தும் அதனைக் கேடயமாக்கத் தெரியவில்லை. சிறுவயது முதல் எல்லோரிலும் பெரியவனாக இருந்தவனுக்கு அந்த வித்தை தேவைப்பட்டிருக்காது. நல்ல இரசிகர்கள் இதைக் கண்டனர். அவர்கள் கோல்களை எண்ணவில்லை; வட்டு அவர் மட்டைக்கு வருமுன் எத்தனை தடவை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணினர். நான் கேட்ட ஹொக்கி விமர்சனங்களுள் இதுவே எனக்கு மிக உயர்ந்ததாகப் பட்டது. இலக்கிய விமர்சகர் பலரிடம் இந்தப் பொறுமையை நான் கண்டதில்லை.

பொறுமைக்குச் சான்று தேடுவோர் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1971 இல் முதலாவதாகத் தெரிவான கீ லஃப்ளூர், அவ்வாண்டே ஓய்வுபெற்ற ஜான் பெலிவோவின் நிழலில் மொன்றியலில் ஆடத் தொடங்கினார். முதல் மூன்று பருவகாலங்களில் 29, 28, 21 என அவரது கோல்கள் இறங்கின. ஏமாற்றம் என்று பேசத் தொடங்கிவிட்டனர். நான்காவதில் 53 கோல்கள், 119 புள்ளிகள்; அதிலிருந்து தொடர்ச்சியாக ஆறு பருவகாலங்கள் ஐம்பதும் அதற்கு மேலும். 1997 இல் முதலாவதாகத் தெரிவான ஜோ தோர்ன்ரனோ, பொஸ்ரனில் முதற் பருவகாலத்தின் 55 ஆட்டங்களில் 7 புள்ளிகளே பெற்றார். 1,539 புள்ளிகளுடன் விடைபெற்றார். மறுபுறத்தில் 1993 இன் அலெக்சாந்தர் டெய்ல், 2012 இன் நைல் யாக்கூபொவ் போன்றோரும் உள்ளனர். அவர்களுக்காகக் காத்திருந்தோர் காத்திருந்தபடியே இருந்தனர். ஆகவே உதாரணங்களால் இவ்வழக்கு தீராது. எவரும் தமக்குப் பிடித்த முன்னோடியை எடுத்துக்கொள்ளலாம்.

2023–24 பருவகாலம் மெதுவாகவே தொடங்கியது. பின்னர் அணித்தலைவர் நிக் சுசுகி, பெயரிலேயே கோலைக் கொண்ட கோல் கோஃபீல்ட் ஆகியோருடன் அவரை முதலாவது வரிசையில் நிறுத்தினர். விரைவும் நுட்பமும் உடைய இருவருக்கு மூலைகளிலே புகுந்து வட்டை மீட்டுத் தரும் ஒருவர் தேவைப்பட்டார். அவருக்கோ தாம் எதற்காக ஆடுகிறோம் என்ற தெளிவு தேவைப்பட்டது. ஏப்பிரலில் பிலடெல்பியாவுக்கு எதிரான 9–3 வெற்றியில் முதன்முறையாக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். பருவகாலம் முடிந்தபோது 82 ஆட்டங்களில் 20 கோல்கள், 50 புள்ளிகள். 2024 யூலை 1 ஆம் திகதி எட்டு ஆண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது: ஆண்டொன்றுக்குச் சராசரி 7.6 மில்லியன் அமெரிக்க டொலர், மொத்தம் 60.8 மில்லியன்.

உடனே வழக்கின் தலைப்பு மாறிற்று. 'இவன் தேறுவானா' என்றோர் 'இவன் இந்த விலை பெறுவானா' என்றனர். 2024–25 இல் 79 ஆட்டங்களில் 18 கோல்கள், 51 புள்ளிகள். அதாவது, நின்ற இடத்திலேயே நின்றார் என்பர் ஒரு சாரார். அதே பருவகாலத்தில், 2022 இல் மூன்றாவதாகத் தெரிவான லோகன் கூலி யூட்டாவில் 65 புள்ளிகள் பெற்றதை அவர்கள் சுட்டுவர். நான்காவதாகப் போன றைற் 44 புள்ளிகள் பெற்றார் என்பது மறுசாராரின் விடை. அன்றியும், மொன்றியல் அணி 2021 இன் பின் முதன்முறையாக 2025 ஏப்பிரலில் கிண்ணச் சுற்றுக்குள் நுழைந்தது. வாஷிங்ரனிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றாலும், மெல்லிய வீரர் பலர் மறைந்துபோகும் அந்த முரட்டு ஆட்டங்களில் இவர் மறைந்துபோகவில்லை. என் கருத்தைக் கேட்டால், கூலியே நுண்மையான கலைஞர். ஆனால் சுசுகிக்கும் கோஃபீல்டுக்கும் அருகில் இன்னொரு நுண்கலைஞரை நிறுத்துவதால் மொன்றியலுக்கு என்ன பயன் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

ஸ்லொவாக்கியரைப் பற்றி எழுதும்போது நம் வாசகர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாத கதை ஒன்றுண்டு. 1980 ஓகஸ்டில், செக்கோஸ்லொவாக்கியாவின் ஆட்சியினர் கண்காணித்துக்கொண்டிருக்க, இன்ஸ்புருக் நகரில் ஆடச் சென்ற பீற்றர் ஸ்ராஸ்னி, தம்பி அன்ரனுடனும் கர்ப்பிணியான மனைவியுடனும் அங்கிருந்து தப்பி வியன்னா வழியாகக் கனடாவை அடைந்தார். மனைவி மக்கள் ஊரில் இருந்தமையால் உடன் தப்பாத மூத்தவர் மரியான் அங்கு ஆடுவதினின்றும் தடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தார். கியூபெக் நோர்டிக்ஸ் அணிக்கு ஆடிய பீற்றர் முதற் பருவகாலத்திலேயே 109 புள்ளிகள் பெற்றார். 1993 இல் ஸ்லொவாக்கியா தனிநாடானபின் அதன் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருமானார். ஊர் திரும்புதல் அவருக்குக் கிட்டியது. அவர் இரவோடிரவாகக் கடந்த எல்லையை ஸ்லஃப்கொவ்ஸ்கி பதின்ம வயதில் விளையாட்டுப் பையுடன் கடந்தார், எவரும் தடுக்கவில்லை. ஐம்பத்து நான்கு இலட்சம் மக்களே கொண்ட அந்நாட்டிலிருந்து 2022 இல் முதலாவது தெரிவும் இரண்டாவது தெரிவும் வந்தன. இரண்டாமவர் ஷிமொன் நெமெட்ஸ்.

நம் வீடுகளிலும் பதினெட்டு வயதுக்காரர் உண்டு. வந்த ஆண்டிலேயே ஆங்கிலமும் பிரெஞ்சும் கணிதமும் ஒருங்கே தேறவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றனர். தேறாதவிடத்து அயல்வீட்டுக் கூலியின் புள்ளிகள் உணவு மேசையில் வாசிக்கப்படுகின்றன. அரங்கினுடைய அகலம் மாறிவிட்டது என்பதை மேசையில் எவரும் குறிப்பிடுவதில்லை. இது ஹொக்கிக் கட்டுரை ஆதலால் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

ஒப்பந்தம் 2033 இல் முடிவடையும்போது ஸ்லஃப்கொவ்ஸ்கிக்கு வயது இருபத்தொன்பது. அதற்கிடையில் பிள்ளைகளோடு தொலைக்காட்சி முன் அமர நேரும் பெற்றோர், இருபதாம் இலக்கம் அணிந்த நெடிய வீரரைத் தேடிக்கொள்ளலாம். வட்டு எங்கே ஓடுகிறது என்று கண்களை வருத்தவேண்டாம். அது எனக்கும் இன்றுவரை சரிவரத் தெரிவதில்லை. அவர் விளிம்போரம் போகும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பார்த்தால், அருகிலிருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள். அடுத்த கட்டம் தொடங்கும்வரை உங்களுக்குள் பேசிக்கொள்ள அது போதுமானது.