கடிகாரம் தவறினால் வலைத்தளமும் திறக்காது!

மே மாதம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஒரு மாணவி கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன் இருப்பது அவளுடைய அக்காள் படிக்கும்போது பெற்ற மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டிருக்கிறது. பல மாதங்களாகப் பரணில் கிடந்த அதை அன்றுதான் எடுத்துத் துடைத்திருக்கிறார்கள்.

மடிக்கணினி ஒழுங்காகவே உயிர் பெறுகிறது. இணைய இணைப்பும் கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால், 'இணைப்பு பாதுகாப்பானது அன்று' என்று உலாவி எச்சரிக்கிறது. வேறொரு தளத்தைத் திறந்தால் அங்கும் அதே எச்சரிக்கை. அப்பாவின் கைபேசியில் மட்டும் எல்லாத் தளங்களும் தடையின்றித் திறக்கின்றன. விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள்!

'லினக்ஸ் என்றாலே இப்படித்தான்' என்கிறார் ஒருவர். 'வைரஸ் புகுந்திருக்கும்' என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதும் தவறு. திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. அது ஈராண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

தேதி தவறியதற்கும் வலைத்தளம் திறக்காததற்கும் என்ன தொடர்பு? காண்போம்.

உலாவி கேட்கும் அடையாளச் சீட்டு

கடவுச்சொல், மதிப்பெண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை வாங்கும் தளங்கள் தம் செய்திகளை மறைக்குறிகளாக மாற்றியே அனுப்புகின்றன. அதற்கு முன்னர் உலாவி ஒரு கேள்வி கேட்கிறது: 'நீ உண்மையிலேயே அந்தத் தளம்தானா?' அதற்கு விடையாகத் தளம் ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. நம்பகமான சான்றளிப்பு நிறுவனம் ஒன்று அதில் ஒப்பமிட்டிருக்கும்.

பேருந்தில் நீங்கள் காட்டும் மாதப் பயணச் சீட்டை நினைத்துப் பாருங்கள். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். சான்றிதழிலும் அவ்வாறே தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உலாவி அவ்விரண்டையும் தன் கணிப்பொறியின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. இன்றைய தேதி அவற்றுக்கு இடையில் இருந்தால் சீட்டு செல்லும், இல்லையேல் செல்லாது.

2020 செப்டம்பர் முதல் இத்தகைய சான்றிதழ்களின் ஆயுள் 398 நாள்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. திருடப்பட்ட சான்றிதழ் நெடுங்காலம் பயன்படக் கூடாது என்பதே இதன் நோக்கம். இந்த வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள்களாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்களாகவும் குறையும் என்று 2025ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது.

இனி நம் மாணவியின் சிக்கலைப் பாருங்கள். தளத்தின் சான்றிதழ் சில மாதங்களுக்கு முன் வழங்கப்பட்டது. மடிக்கணினியின் கடிகாரமோ ஈராண்டு பின்தங்கியிருக்கிறது. ஆகவே, 'இந்தச் சான்றிதழ் தொடங்கும் நாளே இன்னும் வரவில்லையே!' என்று உலாவி தயங்குகிறது. தன் கடிகாரத்தை நம்பியதைத் தவிர அது வேறு பிழை எதுவும் செய்யவில்லை. சில உலாவிகள் 'உங்கள் கணிப்பொறியின் தேதியைச் சரிபாருங்கள்' என்று அதே பக்கத்தில் எழுதியும் காட்டும். நாம்தான் அதைப் படிப்பதில்லை.

ஒன்றை மறவாதீர்கள். அந்த எச்சரிக்கையில் 'ஆபத்தை ஏற்றுத் தொடர்க' என்னும் பொத்தான் இருக்கலாம். அவசரத்தில் அதை அழுத்திவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டுவது, வாசலில் நிற்பவர் யாரென்று பாராமல் கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

கடிகாரம் ஏன் தவறியது?

கணிப்பொறியை அணைத்த பின்னரும் அதனுள் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது ஏன்? 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது 32,768. எனவே அதிர்வுகளை இரண்டால் வகுக்கும் மின்சுற்றுகள் 15ஐ வரிசையாக இணைத்தால், இறுதியில் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். உங்கள் கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இக்கடிகாரத்துக்கு உணவூட்டுவது நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் மின்கலம். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். பின்னர் மடிக்கணினியின் பெரிய மின்கலமும் வடிந்துவிட்டால் கடிகாரம் நின்றுபோகும். மீண்டும் இயக்கும்போது சில இயந்திரங்கள் தொழிற்சாலையில் குறித்த தேதிக்குத் திரும்புகின்றன. லினக்ஸ் தொகுப்புகள் சில, தம் மென்பொருள் உருவான தேதியையோ, தாம் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தையோ தொடக்கமாகக் கொள்கின்றன.

மின்கலம் நன்றாக இருந்தாலும் படிகம் முற்றிலும் துல்லியமானதன்று. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை என்று கொண்டால், நாளுக்கு 86,400 வினாடிகளில் ஏறத்தாழ 1.7 வினாடி தவறும். ஓராண்டில் அது பத்து நிமிடத்தைத் தாண்டும்!

ஐந்தரை மணி நேரப் புதிர்

இன்னொரு விந்தையும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் இருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் தொகுப்பு.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணிப்பொறியில் சில வேளை, காலை 10 மணிக்கு லினக்ஸ் மாலை 3.30 என்று காட்டும். சரிசெய்துவிட்டு விண்டோசுக்குச் சென்றால் அங்கே விடியற்காலை 4.30! பிழை எப்போதும் அதே ஐந்தரை மணிதான்.

காரணம் எளியது. உள்ளிருக்கும் கடிகாரம் ஒன்றே. அதைப் படிப்பவர் இருவர். விண்டோஸ் அதில் இந்திய நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸோ அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று கொண்டு, ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டுகிறது.

ஐந்தரை மணி என்பது எங்கிருந்து வந்தது? புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் 5.5. தருமபுரி ஏறத்தாழ 78 பாகை 10 கலையில் இருப்பதால், அங்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 17 நிமிடத்துக்குத்தான். நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதற்காக அந்த 17 நிமிடத்தை நாம் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

லினக்ஸ் தன் காலக் கணக்கை 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து வினாடிகளாக எண்ணுகிறது. ஆகவே ஒரு கோப்பின் தேதி '1970 ஜனவரி 1, காலை 5.30' என்று தெரிந்தால் வியக்க வேண்டாம். அந்த எண் வெறும் சுழி என்பதே அதன் பொருள்.

சரியான நேரத்தை யாரிடம் கேட்பது?

வலை வழியாகவே கேட்கலாம். அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் 1980களில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைப் பேணி, இணையத்தின் வழியாகவும் வழங்குகிறது.

ஆனால் ஓர் ஐயம் எழும். 'மணி பத்து' என்று வரும் செய்தி வழியில் தாமதமானால், கிடைக்கும்போது மணி பத்தைக் கடந்திருக்குமே? மில்சின் முறை இதை எப்படித் தீர்க்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 10.00 மணிக்குத் தம்பியை மிதிவண்டியில் நண்பன் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். நண்பனின் கடிகாரம் சரியானது. தம்பி சென்று சேர்ந்தது 10.35, புறப்பட்டது 10.45 என்று நண்பன் சீட்டில் எழுதித் தருகிறான். தம்பி திரும்பியபோது உங்கள் கடிகாரத்தில் மணி 11.10.

மொத்தம் கழிந்தது 70 நிமிடம். அதில் நண்பன் வீட்டில் இருந்தது 10 நிமிடம். மீதி 60 நிமிடம் பயணம். போக 30, வர 30 என்று கொள்வோம். அவன் 10.45க்குப் புறப்பட்டதால் வந்து சேர்ந்த நேரம் 11.15 ஆக வேண்டும். உங்கள் கடிகாரமோ 11.10 காட்டியது. எனவே அது 5 நிமிடம் பின்தங்கியுள்ளது! கணிப்பொறியும் இதையே செய்கிறது. நிமிடங்களுக்குப் பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகளில் கணக்கிடுகிறது. போகும் நேரமும் வரும் நேரமும் சமமாக இல்லாவிட்டால் மட்டுமே விடையில் சிறு பிழை நேரும்.

இந்த நேரக் கேள்விக்குப் பொதுவாகச் சான்றிதழ் தேவையில்லை. ஆகையால் வலைத்தளம் எதுவும் திறக்காத நிலையிலும் கடிகாரத்தைச் சரிசெய்ய முடிகிறது. லினக்ஸின் அமைப்புகள் பகுதியில் 'தேதியும் நேரமும்' என்பதைத் திறந்து, தானியங்கி நேரத்தை இயக்கினால் போதும். அது இயலாவிட்டால் கைபேசியைப் பார்த்துக் கையாலேயே திருத்தலாம். பின்னர் உலாவியை மூடித் திறந்தால், நம் மாணவியின் விண்ணப்பப் பக்கம் எதிரே நிற்கும்.

இரு கருவிகள், ஒரே குறிப்பேடு

உலாவியில் நாம் சேர்த்து வைக்கும் பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் கைபேசியிலும் கணிப்பொறியிலும் ஒன்றுபோல் இருக்கச் செய்வது ஒத்திசைவு எனப்படும். பயர்பாக்ஸ் உலாவியில் இவ்வசதி 2011 முதல் உள்ளிணைந்தே வருகிறது.

இங்கும் காலமே சிக்கல். ஒரே பக்கக்குறியைக் கைபேசியில் ஒருவிதமாகவும் கணிப்பொறியில் வேறுவிதமாகவும் மாற்றினால் எது புதியது? ஒவ்வொரு கருவியும் தன் கடிகாரத்தைச் சொன்னால், தவறான கடிகாரம் உடையது பழையதைப் புதியது என்று சாதிக்கும். அதனால் நல்ல ஒத்திசைவு முறைகள் நடுவிலுள்ள கணிப்பொறியின் கடிகாரத்தையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடும் வரிசை எண்ணையோ நம்புகின்றன. கடிகாரம் இன்றியே நிகழ்ச்சிகளை முன்பின்னாக வரிசைப்படுத்தலாம் என்பதை 1978ஆம் ஆண்டில் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் தெளிவாக்கினார்.

ஒத்திசைவு நின்றுபோனால் எப்போதும் கடிகாரமே காரணம் என்று கொள்ளக் கூடாது. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் குரோமியம் உலாவியில் 2021 மார்ச் 15 முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைவது நின்றது. கூகுள் அவ்வசதியைத் தன் குரோம் உலாவிக்கு மட்டும் உரியதாக்கியதே காரணம்.

மற்றொன்று: ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒரு கருவியில் அழித்தது மற்றதிலும் அழியும். பயர்பாக்ஸ் நம் தகவலை மறைக்குறியாக்கிய பின்னரே அனுப்புகிறது. கடவுச்சொல்லை மறந்து புதிதாக அமைத்தால், மீட்புத் திறவுகோலோ பழைய நகல் உள்ள வேறு கருவியோ இல்லாத நிலையில் சேமித்தவற்றை இழக்க நேரிடும்.

நீங்களே பழுது கண்டுபிடியுங்கள்

பழுது காண்பதும் ஓர் அறிவியல் ஆய்வே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

1. தேதி, ஆண்டு, நேரம், நேர மண்டலம் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள்.

2. ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, பல தளங்களா? ஒன்றுதான் என்றால் குறை அந்தத் தளத்தில் இருக்கலாம். பல என்றால் உங்கள் கருவியிலோ இணைப்பிலோ தேடுங்கள்.

3. அதே இணைப்பில் வேறொரு கருவியை முயலுங்கள். அதில் திறந்தால் இணைப்பின்மீது பழியில்லை.

4. தனி உலாவல் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கு மட்டும் சரியாக இருந்தால், பழைய குக்கிகளோ துணைநிரல்களோ காரணமாகலாம்.

5. உலாவி மிகப் பழையதா? 2021 செப்டம்பர் 30 அன்று, பல தளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. கடிகாரம் சரியாக இருந்தும், நெடுநாள் புதுப்பிக்கப்படாத கருவிகள் பல அன்று தடுமாறின. ஆகவே மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

6. இயந்திரத்தை அணைத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் தேதி தவறினால், நாணய மின்கலத்தை மாற்ற வேண்டும். மடிக்கணினியைத் திறந்து பழகாதவர்கள் இதைத் தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

இதை முடிப்பதற்குமுன் ஒரு சோதனை. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை இன்று இணைய நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை வினாடிக் கணக்கில் எழுதி வையுங்கள். 30 நாள் கழித்து மீண்டும் ஒப்பிடுங்கள். நாளுக்கு எத்தனை வினாடி தவறுகிறது? அதிலிருந்து, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு பிழை என்பதைக் கணக்கிடுங்கள். உங்கள் வீட்டுக் குவார்ட்ஸ் படிகத்தின் தரம் அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.