அறுபது யார் குறைவா?



இம்மாதம் கோல்ப் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்கட சனத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் ஒரு வருடத்திற்கு முன்னர் அப்படித்தான் இருந்தது. கொழும்பில் களனிவெளி ரயிலில் போகும்போது பாதையின் இரு பக்கமும் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும் றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானத்தை ஜன்னலால் பார்த்திருக்கிறேன். 1879 இல் வெள்ளைக்காரர் தொடங்கிய கழகம் அது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிய வைத்தவள் ஒரு பிள்ளை. 2009 இல் எட்டு வயதில் தகப்பனை இழந்து, இடது தோளில் ஷெல் துண்டு கிழித்த காயத்தோடு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முகாமுக்கு வந்தவள். வளர்ந்து, ஹோட்டல் துறைப் பயிற்சிநெறியை முடித்து, தென்பகுதிக் கடலோரத்தில் கோல்ப் மைதானத்துடன் உள்ள ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். கோல்ப் பகுதியின் வரவேற்பு மேசைதான் அவளுக்குக் கிடைத்த இடம். வருபவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதும், மட்டைகளை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பதும் வேலை. மேசையில் இருப்பவர்களும் ஓரளவு விளையாடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. ஆறு மாதம் கழித்தே நிரந்தர நியமனம்.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழுதாள். "அக்கா, நான் விட்டிட்டு வரப்போறன். சுவரில 7ஆம் இலக்க மட்டைக்கு 150 எண்டு எழுதிப் போட்டிருக்கு. எனக்கு அறுபதும் போகுதில்லை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அந்தச் சம்பளத்தில்தான் தாயின் மருந்துச் செலவும் தம்பியின் உயர்தரப் படிப்பும் நடந்துகொண்டிருந்தன. ஆகவே நான் பஸ் ஏறினேன்.

அங்கே அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தவர் வயதான ஒரு சிங்கள ஐயா. சிறு வயதில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து திரிந்தவர், பிறகு விளையாடப் பழகி, பயிற்றுநராக வந்தவர். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக அவர் சொன்னவற்றையும், பின்னர் நான் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் மட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகளைக் கொண்டு போகலாம். மிக நீளமானதும் மிகத் தூரம் அடிப்பதும் ட்றைவர். அதற்கடுத்து இரும்புத் தலை கொண்ட, இலக்கமிட்ட மட்டைகள். இலக்கம் கூடக் கூடக் காம்பு குட்டையாகும், தலையின் முகம் மேல்நோக்கிச் சரியும். பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும். வெட்ஜ் எனப்படுபவை இன்னும் சரிந்த முகம் உடையவை, கிட்டத்து அடிக்கு உதவுபவை. கடைசியாக, புல்லில் உருட்டிக் குழிக்குள் விடுவதற்குப் பட்டர். தூரத்தை அங்கே யாரில்தான் சொல்கிறார்கள். ஒரு யார் மூன்று அடி. அறுபது யார் என்பது ஏறக்குறைய 55 மீற்றர். நெட்டையாக வளர்ந்த பனை இரண்டை நுனியோடு அடி வைத்துக் கிடத்தினால் வரும் நீளம். எட்டு வயதில் தோளில் காயப்பட்ட ஒரு பிள்ளை அவ்வளவு தூரத்துக்கு ஒரு சின்னப் பந்தை அனுப்புகிறாள் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுவரில் இருந்த அந்த அட்டவணையை நானும் பார்த்தேன். நன்றாக விளையாடப் பழகிய ஆண்களுக்கான கணக்கு அது. யாருக்கான கணக்கு என்று அதில் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. உலகில் முதல்தரமான தொழில்முறை வீராங்கனைகளே 7ஆம் இலக்க மட்டையால் சராசரியாக 140 யார் அளவில்தான் அடிக்கிறார்கள். ட்றைவரில் அவர்களுடைய பந்து காற்றில் பறக்கும் தூரம் 220 யாருக்குக் கிட்ட. காலையும் மாலையும் அதே தொழிலாக இருப்பவர்கள் எட்டாத எண்ணை மூன்று மாதம் பழகிய பிள்ளையின் கண்முன்னால் தொங்கவிட்டால் அவள் அழாமல் என்ன செய்வாள்? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, மனிதர் தம்மை எந்தக் குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை எழுதினேன். அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் அது விளங்கியது.

அப்படியானால் புதிதாகப் பழகும் ஒரு பெண் எவ்வளவை எதிர்பார்க்கலாம்? பொதுவாகச் சொன்னால் ட்றைவரில் 100 முதல் 140 யார் வரை, 7ஆம் இலக்கத்தில் 50 முதல் 80 வரை, பிட்சிங் வெட்ஜில் 35 முதல் 60 வரை. உயரம், வயது, உடல்நிலையைப் பொறுத்து இதற்குக் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். இன்னொரு கணக்கும் உண்டு. மைதானங்களின் கடினத்தை மதிப்பிடுபவர்கள், சாதாரணத் திறமையுள்ள பெண் ஒருத்தி முதலடியில் 150 யார் அடிப்பாள், 280 யார் நீளமான இடத்தை இரண்டு அடியில் எட்டுவாள் என்று வைத்துத்தான் கணிக்கிறார்கள். அதுவும் பழகியவளுக்கான அளவு, தொடங்குபவளுக்கானதல்ல.

ஐயா இன்னொன்றையும் காட்டினார். பிள்ளையின் கையில் இருந்த மட்டைகள் ஒரு விருந்தினர் விட்டுச் சென்ற ஆண்களுடைய மட்டைகள். காம்பு நீளம், பாரம் அதிகம், வளையாத விறைப்பு. பெண்களுக்கான மட்டைகள் சற்றுக் குட்டையாகவும் இலேசாகவும் இருக்கும், காம்பும் நெகிழ்ந்து கொடுக்கும். எங்கோ மூலையில் கிடந்த பெண்களுக்கான ஒரு மட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பத்துப் பந்து அடித்தாள். வேறொன்றும் மாற்றாமலேயே பந்து சற்று அதிகமாக எழும்பியது. மூன்று மாதம் அந்தப் பாரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத் தன்னில்தான் பிழை என்று நினைத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

அவளுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. 5ஆம் இலக்கமும் 7ஆம் இலக்கமும் ஒரே தூரம்தான் போகின்றன, ஆகவே தனக்கு அடிக்கவே வராது என்று நினைத்தாள். அது புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது. பழகியவர்களுக்கு ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் இடையில் பத்து யார் அளவு வித்தியாசம் வரும். ஆனால் நிமிர்ந்த முகமுடைய மட்டையால் பந்தை உயரத்துக்கு எழுப்ப வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் பந்து தாழப் போய் விழுந்துவிடும். ஆகவே அப்படியானவற்றைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, ஹைபிரிட் என்னும் தடித்த தலையுள்ள மட்டையை வைத்துக்கொள்வது நல்லது. தொடங்குபவளுக்கு ஏழெட்டு மட்டைகளே தாராளம்.

தோள் காயத்துக்காக மருத்துவரிடம் கேட்டு வரச் சொன்னார் ஐயா. அதுவரை கையை முழுதாக உயர்த்தாமல் அரைச் சுற்றில் அடிக்க வைத்தார். பந்து மட்டையின் நடுவில் பட்டால் தூரம் தானே வரும், விளிம்பில் பட்டால் எவ்வளவு பலம் போட்டாலும் வீண் என்றார். அரைச் சுற்றில் அவளுக்கு 50 யார் போனது. முழுச் சுற்றில் அறுபதை எட்டாமல் தடுமாறியவள் அவள்தான். (நானும் பத்துப் பந்து அடித்தேன். ஏழு தடவை பந்தில் படவேயில்லை. அங்கே சிரித்ததில் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.)

தன் தூரத்தை அறியும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். ஒரே மட்டையால் பத்துப் பந்து அடித்து, மிக நன்றாகப் போனதையும் மிக மோசமாகப் போனவற்றையும் விட்டுவிட்டு, நடுவில் கூட்டமாக விழுந்து கிடப்பவற்றைக் காலடியால் அளக்க வேண்டும். அதுதான் அவளுடைய எண். பயிற்சித் திடலில் உள்ள பந்துகள் பழசு, புதுப் பந்தைவிடக் குறையத்தான் போகும். கடற்கரைக் காற்று எதிரே வீசினால் இன்னும் குறையும். அதே அடியை ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்தில், 1889 முதல் இருக்கும் நுவரெலியா மைதானத்தில் அடித்தால் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் ஆறு ஏழு வீதம் கூடப் போகலாம்.

அவளை மிகவும் தேற்றியது ஒரு கணக்குத்தான். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே சலுகை முறை வந்துள்ளது. தொடங்குபவர் ஆணோ பெண்ணோ 54 அடி வரை சலுகை பெறலாம். 18 குழிக்கு 54 என்றால் குழிக்கு மூன்று. நான்கு அடியில் முடிக்க வேண்டிய 280 யார் இடத்தை அவள் எடுத்துக் கடதாசியில் கணக்குப் போட்டாள். ட்றைவரில் நூறு, பிறகு அறுபது, அறுபது, அறுபது. நான்கு அடியில் குழி இருக்கும் புல்தரைக்கு வந்துவிடலாம். உருட்டுவதற்கு இரண்டோ மூன்றோ. மொத்தம் ஏழு. சலுகை மூன்றைக் கழித்தால் நான்கு. உருட்டி விடுவதற்குத் தோள் பலமும் தேவையில்லை. எல்லா மைதானத்திலும் ஒரு குழிக்கு இரண்டு உருட்டல் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அறுபது காணும், அக்கா?" என்று கேட்டாள்.

"நீயே எண்ணிப் பார் பிள்ளை," என்றேன்.

நிரந்தர நியமனக் கடிதம் பங்குனியில் கிடைத்தது. பெண்களுக்கான மட்டைத் தொகுதி ஒன்று வாங்கித் தரும்படி முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை. சுவரில் பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தில் மும்மொழியிலும் இன்னொன்றை ஒட்டியிருக்கிறாள். 'புதிதாகப் பழகும் பெண்களுக்கு' என்று அதன் தலைப்பு. போன கிழமை அனுப்பிய குறுஞ்செய்தியில் ஒரே ஓர் எண்தான் இருந்தது: 68.