கண்ணீரோடு விடைபெற்ற பால்மர்

2013 செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கீ அரீனா அரங்கம் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களால் நிரம்பியிருந்தது. மேடையில் நின்ற தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மருக்குக் கண்கள் கலங்கின, குரல் தழுதழுத்தது. ஊழியர்களோடு அவர் நடத்திய கடைசிப் பெருங்கூட்டம் அது.

சுமார் 30 பேர் மட்டுமே வேலை பார்த்த 1980-ல் நிறுவனத்தில் சேர்ந்தவர் பால்மர். 2000-ல் பில் கேட்ஸிடமிருந்து தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் ஆண்டு வருவாய் சுமார் 2,300 கோடி டாலரிலிருந்து 7,800 கோடி டாலரை நெருங்கியது.

ஆனால், 2007-ல் ஐபோன் வந்தபோது, "விலை அதிகம், விசைப்பலகை இல்லை" என்ற ரீதியில் சிரித்து ஒதுக்கினார். கைப்பேசிச் சந்தை கைநழுவிப் போனது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை வாங்க முடிவெடுத்ததும் பலன் தரவில்லை. 2015-ல் அதற்காகச் சுமார் 760 கோடி டாலரை நிறுவனம் நட்டக் கணக்கில் எழுதியது.

அதே பால்மரின் காலத்தில்தான் 2010-ல் அஸூர் மேகக் கணினிச் சேவையும், 2011-ல் ஆஃபீஸ் 365-ம் வந்தன. மேகக் கணினிப் பிரிவைக் கவனித்துவந்த, ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா, 2014 பிப்ரவரியில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நிறுவனத்தின் இன்றைய வளர்ச்சிக்கு அந்தச் சேவைகளே முதுகெலும்பு.

கோட்டைவிட்டதைக் கணக்கில் வைக்கும் நாம், போட்டுவைத்த அடித்தளத்தையும் சேர்த்தே ஒரு தலைவரை எடைபோட வேண்டும். அதுதான் நியாயம்.